டிரம்ஸ் பழகுகிறவர்களுக்கு: கை தேறுகிறதா என்று நீங்களே பார்க்கும் வழி

பாளையங்கோட்டையிலும் டவுனிலும் டிரம்ஸ் பழகும் பிள்ளைகளில் நான் பார்த்த பலர் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். சர்ச்சில் ஓரமாக இருக்கும் டிரம் செட்டில், ஆராதனை முடிந்து எல்லோரும் கிளம்பியதும் உட்கார்ந்து தட்டிப் பார்ப்பார்கள். இல்லையென்றால் கல்லூரி பேண்டு, அல்லது இன்னிசைக் கச்சேரிக்கு வாசிக்கப் போகும் ஓர் அண்ணன். வாரத்துக்கு ஒருமுறை மாஸ்டரிடம் வகுப்பு, மீதி நாளெல்லாம் வீட்டில் தனியாக. அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர் பக்கம் இருப்பவர்களுக்குச் சில சமயம் அந்த வகுப்பும் அமைவதில்லை. போனில் வீடியோ பார்த்தே பழகுவார்கள். அப்படி ஒரு அஞ்சாறு மாதம் ஓடியதும் கேள்வி வரும்: "நான் தேறியிருக்கேனா, இல்ல ஒரே எடத்துல நிக்கேனா?"

இதற்குப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்ளும் பதில் இரண்டு. கை வேகம் கூடியிருந்தால் தேறிவிட்டோம் என்பது ஒன்று. இத்தனை பாட்டு வாசிப்பேன் என்று எண்ணிச் சொல்வது இன்னொன்று. இரண்டையும் நம்ப வேண்டாம் என்பேன். வேகம் பதற்றத்திலும் வரும். இருபது பாட்டின் தொடக்கம் தெரிந்தவரால் ஒரு பாட்டைக் கடைசிவரை கொண்டுபோக முடியாமல் இருக்கலாம். டிரம்மரிடம் மற்றவர்கள் முதலில் எதிர்பார்ப்பது, எடுத்த காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், முடிவுவரை அப்படியே நிற்க வேண்டும் என்பதைத்தான். காதில் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் க்ளிக் ஓடாதபோதும், மாஸ்டர் எதிரே கையில் தாளம் போடாதபோதும், பாடுகிறவர் கொஞ்சம் தடுமாறும்போதும் நிற்க வேண்டும். அளக்க வேண்டியதும் அதைத்தான். ஒரே சின்னப் பயிற்சியை மாதாமாதம் ஒரே முறையில் பதிவு செய்து, பழைய பதிவோடு வைத்துக் கேளுங்கள். மாஸ்டர் இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இந்த வழி பொருந்தும்.

தொடங்கும் முன்

வேண்டியவை அதிகமில்லை. ஒரு நோட்டு, ரெக்கார்டர் உள்ள போன், ஒரு மெட்ரோனோம் ஆப். இலவச ஆப்களே போதும். 1815இல் மெல்ட்சல் காப்புரிமை வாங்கிய மெட்ரோனோம் பெண்டுலம் ஆடும் கருவியாக இருந்தது. இன்று அதே வேலையைப் போன் செய்கிறது, கணக்கும் அதே கணக்குதான்: நிமிடத்துக்கு எத்தனை தட்டு. 60 என்று வைத்தால் நொடிக்கு ஒரு தட்டு விழும்.

டிரம் செட் சொந்தமாக இல்லாதவர்கள் பிராக்டிஸ் பேட் (சத்தம் குறைந்த ரப்பர் பலகை) ஒன்று வாங்கிக்கொண்டால் முதல் சில மாதங்களுக்கு அது போதும். வளவுக்குள் குடியிருப்பவர்களுக்கு அதுதான் வழியும்கூட. அக்கம்பக்கத்தாருக்குச் சத்தம் போகாது. சிலர் தலையணையில் தட்டிப் பழகுகிறார்கள். அதில் கைக்கு வலு கிடைக்கும், ஆனால் ஸ்டிக் தானாக எழும்பி வராது. ஸ்டிக் எழும்புவதைப் பயன்படுத்தத் தெரிவது இந்தக் கலையில் பாதி. ஆகவே தலையணையில் பழகினாலும் சோதனையைத் தலையணையில் எடுக்காதீர்கள். பேடில் தொடங்கினால் மாதாமாதம் பேடிலேயே எடுங்கள். செட்டுக்கு மாறினால் அன்றிலிருந்து புதுப் பக்கம்.

ஸ்டிக் விஷயமும் அப்படியே. 5ஏ என்ற அளவு பெரும்பாலானோருக்குப் பொருந்தும். சின்னப் பிள்ளைகளுக்கு 7ஏ மெலிதாக, எளிதாக இருக்கும். எதை எடுத்தாலும் சோதனைக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

போனை எங்கே வைப்பது என்பதைக் கவனமாக முடிவு செய்யுங்கள். டிரம் பக்கத்திலேயே வைத்தால் சத்தம் உடைந்து கரகரக்கும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, நாற்காலி மேல், எப்போதும் அதே இடத்தில் வையுங்கள். இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும்: பல போன்கள் மெதுவான சத்தத்தைத் தாமாகவே ஏற்றி, பெரிய சத்தத்தை அடக்கிப் பதிவு செய்யும். அதனால் எந்த அடி ஓங்கியது, எது மெலிந்தது என்பதைப் போன் பதிவை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. காலப்பிரமாணத்தைப் பற்றி அந்தப் பதிவு பொய் சொல்லாது.

க்ளிக் சத்தமும் பதிவில் விழ வேண்டும். இன்னொரு போனிலோ சின்ன ஸ்பீக்கரிலோ க்ளிக்கை ஓடவிடுங்கள். ஒயர் வைத்து இணைப்பது நல்லது. ப்ளூடூத்தில் ஒலி கொஞ்சம் தாமதித்துத்தான் வரும். அடி க்ளிக்கோடு சேர்கிறதா என்று பார்த்துச் சொல்லும் ஆப்களில் அந்தத் தாமதம் உங்கள் தவறாகக் கணக்காகிவிடும்.

முதல் பதிவு: இரண்டு கை

மெட்ரோனோமை 60இல் வையுங்கள். ஒரு தட்டுக்கு நான்கு அடி, வலது இடது வலது இடது என்று மாறி மாறி, இரண்டு நிமிடம். மொத்தம் 480 அடி. கேட்பதற்கு மிகச் சுலபம்போலத் தோன்றும், செய்து பாருங்கள். முடிந்ததும் கொஞ்சம் ஓய்ந்து, இந்த முறை இடது கையில் தொடங்கி இன்னொரு இரண்டு நிமிடம்.

கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எந்த அடி வலது, எந்த அடி இடது என்று உங்களால் சொல்ல முடிந்தால், இரண்டு கையும் இன்னும் சமமாகவில்லை என்று பொருள். இடைவெளியில் வித்தியாசம் இருக்கும், அல்லது ஒலியில். இடைவெளியை முதலில் சரிசெய்யுங்கள். இடது கை அடி அடுத்த வலது கை அடியை ஒட்டிப் போய் விழுவதுதான் நான் அதிகம் கேட்கும் குறை.

அப்புறம் பேராடிடில் என்ற பயிற்சி (வ வலது, இ இடது): வ இ வ வ, இ வ இ இ. அதையும் 60இல் இரண்டு நிமிடம். இதில் ஒரே கை இரண்டு முறை அடிக்கும் இடத்தில், இரண்டாவது அடி மங்குகிறதா என்று பாருங்கள்.

வேகத்தை ஏற்றுவதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். இரண்டு நிமிடம் தவறாமல், கை இறுகாமல், சமமாக வந்தால் மெட்ரோனோமில் 4 ஏற்றுங்கள். வராவிட்டால் அங்கேயே நில்லுங்கள். நோட்டில் எழுத வேண்டியது நீங்கள் எட்டிப்பிடித்த உச்ச வேகத்தை அல்ல, சுத்தமாக வந்த வேகத்தை.

இந்தக் கைப்பயிற்சிகளுக்கு ரூடிமென்ட் என்று பெயர். 1933இல் அமெரிக்காவில் ஒன்றுகூடிய டிரம்மர்கள் 13 ரூடிமென்ட்டுகளை அடிப்படை என்று வகுத்தார்கள். பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி 1984இல் அந்தப் பட்டியலை விரித்து 40 ஆக்கியது. நாற்பதையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிங்கிள் ஸ்ட்ரோக் (கைக்கு ஒரு அடி), டபுள் ஸ்ட்ரோக் (கைக்கு இரண்டு அடி), பேராடிடில், ஃப்ளாம் (மெல்லிய அடி ஒட்டி வரும் ஓங்கிய அடி) நான்கும் சுத்தமாக இருந்தால் முதல் ஒரு வருடம் தாராளமாக ஓடும்.

இரண்டாவது பதிவு: க்ளிக் இல்லாத இரண்டு நிமிடம்

என்னைக் கேட்டால் எல்லாப் பதிவிலும் முக்கியமானது இதுதான்.

எல்லோரும் முதலில் கற்கும் பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு தட்டுக்குள் ஹை-ஹாட்டில் (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) எட்டு அடி, 1லும் 3லும் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), 2லும் 4லும் ஸ்நேர் (முன்னால் இருக்கும் சின்ன டிரம்). மெட்ரோனோம் 80. ஒரு நிமிடம் க்ளிக்கோடு வாசியுங்கள். பிறகு தம்பியையோ தங்கச்சியையோ கூப்பிட்டு க்ளிக்கை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் நிறுத்தாமல் இன்னும் இரண்டு நிமிடம் வாசிக்க வேண்டும்.

இப்போது பதிவின் கடைசி 30 நொடியை எடுத்து, எத்தனை தட்டு வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். 80 நிலைத்திருந்தால் 30 நொடிக்கு 40 தட்டு வரும். 43 வந்தால் 86க்கு ஓடியிருக்கிறீர்கள். 38 வந்தால் 76க்கு இழுத்திருக்கிறீர்கள். தேதியையும் அந்த எண்ணையும் நோட்டில் எழுதுங்கள்.

புதிதாகப் பழகுகிறவர்களில் ஓடுகிறவர்கள்தான் அதிகம். ஆர்வத்தில் ஓடும், பயத்தில் ஓடும், ஃபில் (பீட்டை நிறுத்தி நடுவே உருட்டி வாசிக்கும் இடம்) வரப்போகிறது என்ற நினைப்பிலேயே ஓடும். சோர்வில் இழுக்கிறவர்களும் உண்டு, குறிப்பாகக் கால் வலுவில்லாதவர்கள். கிக் தாமதித்து விழ, அதைப் பார்த்துக் கையும் தாமதிக்கும். ஆகவே எண்ணோடு நிறுத்தாமல், எந்த இடத்தில் தொடங்கி ஓடியது அல்லது இழுத்தது என்பதையும் தேடிப் பிடியுங்கள். அது தெரிந்தால் அடுத்த மாதம் எதைப் பழக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

எண்ணியதோடு இன்னொன்றையும் கேளுங்கள். ஹை-ஹாட்டும் கிக்கும் ஒன்றாக விழ வேண்டிய இடத்தில் ஒரே ஒலி வருகிறதா, 'டட்' என்று இரண்டாகப் பிளக்கிறதா? முதல் மாதங்களில் எல்லோருக்கும் பிளக்கும். வாசிக்கும்போது அது தெரியாது, பதிவில்தான் தெரியும். மாதாமாதம் இந்தப் பிளவு குறைந்துகொண்டே வந்தால், நீங்கள் உணர்ந்தாலும் உணராவிட்டாலும் தேறிக்கொண்டிருக்கிறீர்கள்.

க்ளிக்கோடு வாசித்த முதல் நிமிடத்திலும் கேட்க ஒன்று இருக்கிறது. ஸ்நேர் அடி சரியாகத் தட்டின் மேல் விழுந்தால் அந்த இடத்தில் க்ளிக் சத்தமே மறைந்துவிடும். க்ளிக் தனியாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் நீங்கள் அதற்கு முன்னோ பின்னோ போகிறீர்கள். க்ளிக் எத்தனை முறை காணாமல் போகிறது என்று கவனியுங்கள்.

மெதுவாக வாசிப்பது

அதே பீட்டை 40இல் வாசிக்கச் சொன்னால் பலருக்குக் கோபம்கூட வரும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் ஒன்றரை நொடி இடைவெளி. அந்த இடைவெளியில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. 120இல் நன்றாக வாசிக்கிற பையன் 40இல் தடுமாறினால், 120ஐ அவன் கை ஓட்டத்தில் வாசிக்கிறான், உள்ளே எண்ணி வாசிக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

தடுமாறினால் வாய்விட்டு எண்ணுங்கள். "ஒன் அண்ட் டூ அண்ட்" என்று எண்ணலாம். எனக்கு நம் சொற்கட்டுத்தான் வசதி. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தகதிமி என்று சொல்லிக்கொண்டே வாசித்தால் ஒன்றரை நொடியும் நிரம்பிவிடும். வாய் தகதிமி சொல்ல, கையும் காலும் தடைபடாமல் ஓடினால் நீங்கள் ஒரு படி ஏறிவிட்டீர்கள். சொல்லத் தொடங்கியதும் கால் நின்றுபோகிறதா? கவலை வேண்டாம், சில வாரம் விடாமல் செய்யுங்கள்.

ஃபில்

மூன்று சுற்று பீட், நாலாவது சுற்றில் ஃபில், மறுபடி பீட். ஒரு சுற்று என்றால் நான்கு தட்டு. க்ளிக்கோடு, 80இல், இப்படிப் பத்து முறை. ஃபில் எவ்வளவு அழகாக இருந்தது என்பதற்கு மதிப்பெண் கிடையாது. ஃபில் முடிந்து வரும் முதல் தட்டு க்ளிக்கின் மேல் விழுந்ததா? பத்தில் எத்தனை விழுந்தது என்று மட்டும் எழுதுங்கள். டாம் டாமாக உருட்டிக்கொண்டு போய் க்ளிக்குக்கு முன்னாலேயே கிராஷ் (பெரிய சிம்பல்) அடிக்கிற ஃபில்லைவிட, ஸ்நேரில் நாலே அடி அடித்து ஒழுங்காகத் திரும்பி வருகிற ஃபில் எவ்வளவோ மேல்.

ஒரு முழுப் பாட்டு

உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்று. சினிமாப் பாட்டாகவும் இருக்கலாம், கீர்த்தனையாகவும் இருக்கலாம். முதலில் வாசிக்காமல் கேட்டு, ஒரு தாளில் அதன் அமைப்பை எழுதுங்கள்: பல்லவி எத்தனை சுற்று, இடையிசை எத்தனை, சரணம் எத்தனை, எங்கே டிரம்ஸ் நிற்கிறது, எங்கே திரும்ப வருகிறது. இதை எழுத முடிவதே ஒரு சோதனை. நான்காவது மாதத்தில் திணறியவர்களுக்குப் பத்தாவது மாதத்தில் ஒரே கேட்பில் வந்துவிடும்.

பிறகு பாட்டை ஓடவிட்டுத் தொடக்கம் முதல் முடிவுவரை நிறுத்தாமல் வாசியுங்கள். தவறினாலும் நிறுத்தக் கூடாது. ஸ்டிக் கீழே விழுந்தாலும் கால் நிற்கக் கூடாது. தவறு வந்ததும் எத்தனை தட்டுக்குள் மீண்டு வந்தீர்கள் என்பதைப் பதிவில் பாருங்கள். மேடையில் எல்லோருக்கும் தவறு வரும். சீக்கிரம் மீண்டு வருகிறவரைத்தான் கச்சேரிக்காரர்கள் அடுத்த முறையும் கூப்பிடுவார்கள்.

காது தேறியிருக்கிறதா

கையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். காது அதைவிட முக்கியம், அதைச் சோதிக்க நம் ஊரைவிட நல்ல இடம் கிடைக்காது.

கொடைக்குப் போங்கள். சித்திரை, வைகாசி, ஆடி என்று நம் பக்கத்துக் கோயில்களில் கொடை வரும்போது, நையாண்டி மேளத்துக்கு முன்னால் போய் நில்லுங்கள். நாதஸ்வரம், தவில், பம்பை, கைத்தாளம் எல்லாம் சேர்ந்து வரும் அந்தப் பெருஞ்சத்தத்தில் உங்கள் வேலை ஒன்றுதான்: முதல் தட்டு எங்கே விழுகிறது என்று காலால் கண்டுபிடிப்பது. நிறைய உருப்படிகள் மூன்று மூன்றாக, தகிட தகிட என்று ஓடும். போனில் வீடியோ பார்த்து எட்டு ஹை-ஹாட் பீட் மட்டும் பழகியவர்களுக்கு இங்கே கால் தடுக்கும். காரணம், அவர்கள் காதில் நாலு நாலாகப் பிரிப்பது மட்டுமே ஏறியிருக்கிறது. தகிடவிலிருந்து தகதிமிக்கு மேளம் மாறுகிற நொடியைப் பக்கத்தில் நிற்கிறவரிடம் உங்களால் சொல்ல முடிகிறதா? போன கொடையில் முடியாதது இந்தக் கொடையில் முடிந்தால் அதையும் நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அது கைவேகத்தைவிடப் பெரிய முன்னேற்றம்.

கணியான் கூத்து நடக்கிற கொடையாக இருந்தால் தவறவிடாதீர்கள். மகுடம் என்ற தோல்கருவி இரண்டு இருக்கும், ஒன்று உச்சமாகவும் ஒன்று மந்தமாகவும் ஒலிக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் காதால் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் கேளுங்கள், பிறகு மற்றதை. இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகிய காது, டிரம் செட்டில் கிக்கையும் ஸ்நேரையும் பிரித்துக் கேட்கும். வில்லுப்பாட்டிலும் இதைச் செய்யலாம். உடுக்கை ஒரு வழியில் போக, குடம் அடியில் ஊன்றிக்கொண்டே இருக்கும். குடத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்ட நடையை ஹை-ஹாட், கிக், ஸ்நேரில் கொண்டுவர முயலுங்கள். தகிட தகிட தக என்ற மூன்று, மூன்று, இரண்டு பிரிவை எட்டு ஹை-ஹாட்டின் மேல் கிக்கில் வைத்தால் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு துள்ளல் கேட்கும். அப்புறம் தகதகிட என்ற ஐந்து, தகிடதகதிமி என்ற ஏழு. இவற்றை வாயால் சொல்லிக் கையால் தட்ட முடிந்தால் போதும், முதல் வருடத்தில் செட்டில் வாசிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. தவிலும் மிருதங்கமும் அங்கே பாடங்கள். அங்கே படிக்கிற யாராவது உங்களுக்குப் பழக்கமென்றால், உங்கள் பதிவை ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். டிரம் செட் அவர்களுக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். தாளம் எங்கே ஓடியது என்பதை உடனே சொல்லிவிடுவார்கள்.

ஆட்களோடு வாசிப்பது

தனியாக எடுத்த பதிவு நன்றாக இருந்தும், கீபோர்டும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் எல்லாம் குலைந்துபோவது உண்டு. அதனால் மூன்று மாதத்துக்குப் பிறகு எப்படியாவது நாலு பேரோடு வாசிக்கும் வாய்ப்பைத் தேடிக்கொள்ளுங்கள். சர்ச் பாடகர் குழுவின் சனிக்கிழமைப் பயிற்சி போதும், பள்ளி ஆண்டுவிழா ஒத்திகை போதும்.

வாசித்து முடித்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். "நல்லாருந்துச்சுல" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வேறு மாதிரி கேளுங்கள். பாடியவரிடம், "அக்கா, எந்த எடத்துலயாவது மூச்சு முட்டுச்சா?" பேஸ் வாசித்தவரிடம், "அண்ணே, எங்க என்னப் பாத்து நிதானம் பண்ண வேண்டியிருந்துச்சு?" இப்படி இடம் கேட்டால் இடம் சொல்வார்கள். பாடுகிறவருக்கு மூச்சு முட்டிய இடத்தில் நீங்கள் ஓடியிருப்பீர்கள். வார்த்தை கேட்கவில்லை என்றால் ஹை-ஹாட்டும் கிராஷும் அதிகம். மெதுவாக அடிக்கத் தெரிவதும் வளர்ச்சிதான். பீட்டின் இறுக்கம் குறையாமல் சத்தத்தைப் பாதியாகக் குறைக்க முடிகிறதா என்று ஒவ்வொரு மாதமும் முயன்று பாருங்கள்.

பெரிய மண்டபத்திலும் திறந்தவெளியிலும் வாசிக்கும்போது இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் உங்களிடம் வந்து சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதைக் கேட்டு வாசித்தால் இழுத்துக்கொண்டே போவீர்கள். பக்கத்தில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரையும், கீபோர்டு வாசிக்கிறவரின் கையையும் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைய பதிவு மோசமாக இருந்தால் அதை உங்கள் மாதக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எந்த மாதத்தில் எது வந்தால் போதும்

இது என் கணிப்பு, சட்டமில்லை. தினம் அரை மணி நேரம் ஒழுங்காகப் பழகுகிறவரை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

மூன்றாவது மாத முடிவில், அடிப்படை பீட் 70 முதல் 100 வரை எந்த வேகத்தில் கொடுத்தாலும் மூன்று நிமிடம் நிற்காமல் வர வேண்டும். சிங்கிள் ஸ்ட்ரோக் 60இல் சமமாக இருக்க வேண்டும். க்ளிக் இல்லாத இரண்டு நிமிடத்தில் 6, 8 எண் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

ஆறாவது மாதத்தில் அந்தத் தள்ளல் நாலுக்குள் வந்தால் நல்லது. கிக்கின் இடத்தை மாற்றினாலும் ஹை-ஹாட் கலங்கக் கூடாது. தகிட நடையில் ஒரு பீட், பத்து ஃபில்லில் குறைந்தது ஏழு சரியாக விழுவது, இரண்டு முழுப் பாட்டு. இவ்வளவு இருந்தால் நீங்கள் நல்ல வழியில் போகிறீர்கள்.

ஒரு வருடத்தில் மெட்ரோனோமை இரண்டு சுற்று ஒலிக்கவும் இரண்டு சுற்று மௌனமாகவும் வைத்து வாசித்துப் பாருங்கள். பல ஆப்களில் இந்த வசதி உண்டு. மௌனம் முடிந்து க்ளிக் திரும்பும்போது நீங்களும் அதே இடத்தில் இருக்க வேண்டும். பிறகு மௌனத்தை நாலு சுற்றாக்குங்கள். இதில் நிற்கிறவரை நான் தைரியமாக மேடைக்கு அனுப்புவேன்.

வெளியாள் ஒருவரின் மதிப்பீடு வேண்டும் என்பவர்களுக்கு லண்டன் டிரினிட்டி காலேஜின் டிரம்ஸ் தேர்வுகள் இருக்கின்றன. இனிஷியல் என்ற தொடக்க நிலையும் அதன்மேல் 1 முதல் 8 வரை கிரேடுகளும் உண்டு. நூற்றுக்கு 60 தேர்ச்சி, 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். நோட்டேஷன் படிக்கவும் ஒழுங்காகத் தயாராகவும் இது நல்ல தூண்டுதல். ஆனால் ஒரே கிரேடின் மூன்று பாட்டை வருடம் முழுக்க உருப்போட்டுச் சான்றிதழ் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மாதப் பதிவைத் தேர்வுக்காக நிறுத்திவிடாதீர்கள்.

உடம்பு சொல்வது

ஒரே பயிற்சி, ஒரே வேகம், முன்பு முன்கை இறுகியது, இப்போது இறுகவில்லை. இதுவும் நோட்டில் ஏற வேண்டிய முன்னேற்றம். விரலில் கொப்புளம் வந்துகொண்டே இருந்தால் ஸ்டிக்கை அளவுக்குமேல் இறுக்கிப் பிடிக்கிறீர்கள். மணிக்கட்டில் வலியோ விரலில் மரத்துப்போவதோ இருந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள், தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பது உழைப்பு ஆகாது.

காதையும் காக்க வேண்டும். அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்வரைதான் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சின்ன அறையில் ஓங்கி வாசிக்கும் டிரம் செட் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் காதடைப்பானாவது போட்டுக்கொள்ளுங்கள். வாசித்து முடித்தபின் காதில் 'ஙொய்' என்று கேட்டால் அன்றைய சத்தம் அதிகம்.

சோதனை எடுக்கும் நேரத்தையும் மாற்றாதீர்கள். அக்னி நட்சத்திர மத்தியானத்தில் ஒரு மாதம், மார்கழிக் காலையில் ஒரு மாதம் என்று எடுத்தால் ஒப்பிடுவதில் பயனில்லை. கோடையில் காலை ஆறு மணிக்குள் பேடில் முடித்துவிடலாம்.

எண் கீழே இறங்கும்போது

இறங்கும். மாஸ்டர் பிடியைத் திருத்தினால் வேகம் குறையும். குதிகாலைத் தூக்கி பெடலை மிதிக்கப் பழகினால் கிக் கொஞ்ச நாள் தடுமாறும். ஒரு பழக்கத்தை மாற்றினால் அந்த மாதத்தில் கோடு போட்டு, அதன் கீழே புதுக் கணக்கு தொடங்குங்கள். பழைய எண்ணோடு ஒப்பிட்டு மனம் விடாதீர்கள்.

வேறொரு காரணமும் உண்டு. கையைவிடக் காது முன்னால் போய்விட்டால், அதே வாசிப்பு உங்களுக்கே மோசமாகக் கேட்கும். போன மாதம் கேட்காத பிளவு இந்த மாதம் கேட்கிறது, அவ்வளவுதான். அப்போது மூன்று மாதத்துக்கு முந்தைய பதிவைப் போட்டுக் கேளுங்கள். எந்தக் காரணமும் இல்லாமல் மூன்று மாதம் தொடர்ந்து எண் அசையாமல் நின்றால், பயிற்சி முறையை மாற்ற வேண்டும். பெரும்பாலும் தெரிந்ததையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பீர்கள். மாஸ்டரிடம் நோட்டைக் காட்டிக் கேளுங்கள். "சார், தேறவே மாட்டேங்குது" என்பதைவிட, "சார், ஃபில் முடிஞ்சு வரும்போது ரெண்டு மாசமா முன்னாலயே விழுது" என்று சொன்னால் அவருக்கும் வேலை எளிது.

பதிவை வாசித்த அன்றே கேட்காமல் மறுநாள் கேட்பது நல்லது. அன்றே கேட்டால், வாசித்தபோது இருந்த மனநிலைதான் கேட்கும். ஒவ்வொரு கோப்புக்கும் தேதியைப் பெயராக வையுங்கள். போன் மாறினாலும் தொலையாமல் இருக்க இன்னொரு இடத்திலும் சேமித்துவிடுங்கள். ஏதாவது ஒரு பயிற்சி மூன்று மாதம் தொடர்ந்து சுத்தமாக வந்தால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அதைவிடக் கடினமான ஒன்றைச் சேருங்கள். 80இல் இருந்த பீட்டுக்குப் பதில் தகிட நடை, ஒரு சுற்று ஃபில்லுக்குப் பதில் இரண்டு சுற்று ஃபில் என்று. 40இல் வாசிப்பதை மட்டும் எடுக்காதீர்கள். அது எத்தனை வருடமானாலும் இருக்கட்டும்.